சத்தம் ஏறும்வரை பொறுத்தவர்

வாசகரே, நீங்கள் நடுவராக நின்று தீர்ப்புக் கூறுங்கள். தோற்றவன் நான், ஆகவே என் சொல்லைச் சற்றுக் குறைத்தே எடைபோடுங்கள்.

எழுபதுகளின் நடுவில், தூத்துக்குடிக் கடற்கரைத் திடலில், எங்கள் கல்லூரிக் கபடி அணி சங்கு குளிப்போரின் அணியை மூன்றாம் முறையாக எதிர்கொண்டது. முதல் ஆண்டு படுதோல்வி. மறு ஆண்டு நெருங்கிவிட்டோம். இம்முறை வெல்வோம் என்று கல்லூரி மேடையில் நானே முழங்கியிருந்தேன்.

அவர்களுடைய தலைவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். உப்புநீரில் சிவந்த கண்கள். மூழ்கி மூழ்கி வலக்காது மந்தமாகிவிட்டதால், பாடி வருபவன் பக்கம் இடக்காதைத் திருப்பியே நிற்பார்.

புள்ளிகள் சமமாயிருக்க, கடைசியாகப் பாடிச் செல்லும் முறை எனக்கு வந்தது. ஒருவரைத் தொட்டுத் திரும்பினால் வெற்றி. அவர்களோ கைக்கெட்டாமல் பின்வாங்கிக்கொண்டே போனார்கள். நானும் உள்ளே போனேன்.

"பிடிச்சிரவா அண்ணாச்சி?" என்றான் அவர்களில் ஓர் ஆட்டக்காரன்.

"பொறுலே. பேச்சாளர் தம்பி முடிக்கப் போவும்போதுதான் சத்தத்த ஏத்துவாரு. ஏறட்டும்," என்றார் தலைவர்.

மேடையில் எனக்குக் கைதட்டல் வாங்கித் தந்த பழக்கம் அது. கோட்டை நோக்கித் திரும்புகையில், மூச்சு குறையக் குறைய என் குரல் தானாக உயர்ந்தது. அக்கணமே அவர் என் கணுக்காலைப் பிடித்துவிட்டார். நீட்டிய என் கை நடுக்கோட்டுக்கு ஒரு சாண் தொலைவில் இருக்க, என் பாட்டு நின்றது.

நான் பேசிய கூட்டம் எதற்கும் அவர் வந்ததில்லை. முந்தைய இரண்டு ஆட்டங்களில் என் பாட்டைக் கேட்டதே அவருக்குப் போதுமாயிருந்ததா என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

நன்றியுரைக்காக ஒலிவாங்கியை என்னிடம் தந்தார்கள். ஒரே வாக்கியம் பேசினேன்: "அண்ணாச்சி, அடுத்த ஆண்டும் வருவேன், தொடங்கிய குரலிலேயே பாடி முடித்துக் கோட்டைத் தாண்டுவேன்."