தேவதானப்பட்டி மாப்பிள்ளையின் இடது கை

நான் எழுதிய ஒரு ஜாஸ் விமர்சனத்தால் ஒரு கல்யாணம் நிற்கப் பார்த்தது. புதிதாக ஆல்பம் விமர்சனம் எழுத வருகிற பிள்ளைகள், எந்த ஹெட்போன் வாங்கலாம் என்றுதான் என்னிடம் முதலில் கேட்பார்கள். நான் முதலில் சொல்வது இந்தக் கதையை.

கம்பத்தில் ஒரு பள்ளியில் ஆங்கிலம் நடத்திக்கொண்டே, ஓர் இணைய இதழுக்கு ஜாஸ் ஆல்பங்களைப் பற்றி எழுதிவந்தேன். மூன்று பேர், நான்கு பேர் சேர்ந்து வாசிக்கும் சின்னக் குழுக்கள்தான் என் பங்கு. பெரிய குழுவில் ஒருவர் சொதப்பினால் கூட்டத்தில் மறைந்துவிடும். மூன்று பேரில் ஒளிய இடமில்லை. என் எழுத்தை யாரும் படிப்பதில்லை என்ற தைரியத்தில் மனதில் பட்டதைப் பட்டவர்த்தனமாக எழுதுவேன். எங்கள் தெருவில், நான் ட்யூஷனுக்கு நோட்ஸ் எடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

1. தாய்மாமன் வந்தார்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காமயகவுண்டன்பட்டியிலிருந்து ஒருவர் வந்தார். திராட்சைத் தோட்டக்காரர். கொடுத்த தண்ணீரைக்கூடத் தொடாமல் கேட்டார்.

"டீச்சர், தேவதானப்பட்டி மதியழகனுக்கு இடது கையில என்ன கோளாறு? அடிபட்டுச்சா, பொறவியிலயேவா?"

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவர் போனை நீட்டினார். அதில் என் விமர்சனம். மதியழகன் பெங்களூரில் பியானோ வாசிக்கிறவர். அவரும், ஆளுயர வயலின் போலிருக்கும் டபுள் பேஸ் வாசிக்கிற ஒருவரும், ஒரு ட்ரம்மரும் சேர்ந்து போட்ட ட்ரியோ ஆல்பத்தைப் பற்றி எழுதும்போது, 'வலது கை ஓடுகிறது, இடது கை இன்னும் தேறவில்லை' என்று குறிப்பிட்டிருந்தேன்.

வந்தவர் தன் தங்கை மகள் சுகன்யாவுக்கு மதியழகனைப் பேசியிருந்தார். வெள்ளிக்கிழமை பூ வைத்து உறுதி செய்வதாக ஏற்பாடு. எங்கள் பக்கம் பூ வைக்குமுன் மாப்பிள்ளையைப் பற்றி நாலு இடத்தில் விசாரிப்பது வழக்கம். இவர் விசாரணையைப் போனிலும் நடத்தியிருக்கிறார். மாப்பிள்ளை பெயரைப் போட்டுத் தேடினால் முதலில் வந்து நின்றது நான், பேரும் ஊருமாக.

"கை நல்லாத்தான் இருக்குங்க. வாசிப்பைப் பத்தி எழுதுனது அது" என்றேன்.

"சரி, கைய விடுங்க. அடுத்தவர் ஆரம்பித்தால் குறுக்கே விழுகிறார்னு போட்டிருக்கீக. முடிக்க வேண்டிய இடத்தில் முடிக்கத் தெரியவில்லைன்னு போட்டிருக்கீக. இதுவும் வாசிப்பா?"

"அதுவும் வாசிப்புதான்."

பேஸ்காரர் தனியாக சோலோ எடுக்கும்போது பியானோ அடங்கி, அடியிலிருந்து லேசாகத் தாங்கவேண்டும், அதைக் காம்ப்பிங் என்போம், இவர் தாங்காமல் மேலே ஏறிக்கொள்கிறார் என்று விளக்கினேன். விளக்க விளக்க அவர் முகம் இருண்டுகொண்டே போனது.

"கூட வாசிக்கிறவனையே விடாதவன், கட்டிக்கிட்டு வர்றவளப் பேச விடுவானா?"

"மத்த எடத்துல விசாரிச்சீங்கள்ல? அவங்க என்ன சொன்னாங்க?"

"எல்லாரும் தங்கமான பையன்னுதான் சொன்னாக. கொறை சொன்னது நீங்க ஒருத்தருதான். அதனாலதான் நம்புறோம்."

என் எழுத்துக்குக் கிடைத்த ஆகப் பெரிய பாராட்டு அதுதான். சந்தோஷப்படத்தான் முடியவில்லை.

2. மாம்பழக் கூடை

இரண்டு நாள் கழித்து, மதியழகனின் அம்மா ஈஸ்வரி ஒரு கூடை மாம்பழத்தோடு வந்து இறங்கினார். கண் கலங்கியிருந்தது. பெண் வீட்டில் யோசித்துச் சொல்கிறோம் என்று சொல்லிவிட்டார்களாம். எங்கள் பக்கம் யோசித்துச் சொல்கிறோம் என்றால் யோசித்து முடித்தாகிவிட்டது என்று அர்த்தம்.

"அந்த வரிகள மட்டும் எடுத்துருங்க டீச்சர். பியானோ வாசிக்கிறவனுக்குப் பொண்ணு குடுக்க ஆளில்லாம எத்தன ஊரு அலைஞ்சிருக்கேன் தெரியுமா? இந்தப் புள்ளைய அவனுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு."

எடுத்துத் தொலைத்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் எடுத்தால், மாப்பிள்ளை வீட்டார் வந்து டீச்சர் வாயை அடைத்துவிட்டார்கள் என்றுதான் பேச்சு வரும். அதைச் சொல்லிவிட்டு, "நீங்களே ஒருதடவை கேளுங்கம்மா. நான் எழுதுனது தப்புன்னா இப்பவே எடுத்துடுறேன்" என்று மூன்றாவது ட்ராக்கைப் போட்டேன்.

பேஸ் நிதானமாகத் தொடங்கியது. அது வாயைத் திறப்பதற்குள் பியானோ தடதடவென்று மேலே ஏறியது.

"ஏலே, அந்தத் தம்பியச் சொல்ல விடேன்டா!" ஈஸ்வரியம்மா ஸ்பீக்கரைப் பார்த்து அதட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, "வீட்டுலயும் இப்படித்தான் டீச்சர். நான் ஒண்ணச் சொல்ல ஆரம்பிச்சா அவன்தான் முடிப்பான்" என்றார்.

சொன்ன பிறகுதான் தான் எந்தக் கட்சிக்காகப் பேச வந்தோம் என்பது ஞாபகம் வந்தது. மாம்பழக் கூடையைத் தன் பக்கமாக லேசாக இழுத்துக்கொண்டார். போகும்போது வைத்துவிட்டுத்தான் போனார். நானும் வரிகளை வைத்துக்கொண்டேன். ஆனால் அந்தப் பழம் எனக்கு இறங்கவில்லை.

3. பெண்ணின் கேள்வி

வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு போன்.

"நான் சுகன்யா பேசுறேன் டீச்சர். எங்க மாமா நீங்க எழுதுனதுல பாதியத்தான் படிச்சிருக்காக. நான் கடைசிவரைக்கும் படிச்சேன். அஞ்சாவது ட்ராக்ல பேஸ் ஆரம்பிச்சதும் பியானோ கைய எடுத்துருது, இந்த ஆல்பத்துக்கே அழகு அந்த எடந்தான்னு எழுதியிருக்கீக. அது நெசமா? இல்ல, முடிக்கையில ஏதாச்சும் நல்லது சொல்லணுமேன்னு போட்டீகளா?"

என் எடிட்டர்கூடக் கேட்டதில்லை இந்தக் கேள்வியை. எங்கள் தொழிலில் பாதிப் பேர் கடைசிப் பத்தியை அப்படித்தான் எழுதுகிறார்கள்.

"நெசந்தாம்மா. திருப்பித் திருப்பிக் கேட்டுட்டுத்தான் எழுதினேன்."

"நானும் கேட்டேன். ஒரு மண்ணும் புரியல. ஆனா அந்த எடத்துல அவரு நிறுத்துனது தெரிஞ்சுது. அப்ப அவருக்கு நிறுத்தத் தெரியும்ல?"

"தெரியும். பழக்கம்தான் இல்ல."

அந்தப் பக்கம் சிரிக்கும் சத்தம் கேட்டது.

"அத நான் பழக்கிக்கிறேன் டீச்சர். மாமாட்டயும் நானே பேசிக்கிறேன்."

மறுநாள் பூ வைத்தார்கள். எனக்கும் ஒரு முழம் மல்லிகை வந்து சேர்ந்தது.

புதிதாக எழுத வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். குறையைக் குறை என்று எழுதுங்கள். அப்போதுதான் நீங்கள் நல்லது என்று எழுதும் ஒரு வரியை நம்பி ஒரு பெண் கழுத்தை நீட்டுவாள். அதனால் அந்த வரியை இன்னும் ஜாக்கிரதையாக எழுதுங்கள்.

கல்யாணத்துக்குப் பிறகு அந்த ட்ரியோவின் அடுத்த ஆல்பம் வந்தது. பியானோ ஒரேயடியாக ஒடுங்கிவிட்டது, பாதி நேரம் இருக்கும் இடமே தெரியவில்லை என்று எழுதினேன். அன்றைக்கே ஈஸ்வரியம்மா போனில் பிடித்துக்கொண்டார்.

"என்ன டீச்சர் இப்படி எழுதிட்டீக? படிக்கிறவுக எம் மருமகள என்ன நினைப்பாக?"

அந்த வரியையும் நான் எடுக்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு வருஷா வருஷம் வந்துகொண்டிருந்த மாம்பழம்தான் நின்றுபோனது.