ஏழு இடத்தில் இறங்கி

திருவேங்கடம் சைக்கிள் வாங்கிய பிறகுதான் நன்றாக நடக்கக் கற்றுக்கொண்டான்.

அது யுத்த காலம். ஆவடியில் ராணுவ டிப்போ திறந்து, சுற்று வட்டாரத்தில் கை கால் உள்ளவர்களையெல்லாம் வேலைக்கு எடுத்தார்கள். நூம்பலில் குத்தகை நிலம் உழுதுகொண்டிருந்த திருவேங்கடத்துக்கு மரப்பெட்டிக்கு ஆணி அடிக்கும் வேலை கிடைத்தது. காலை எட்டு மணிக்குச் சங்கு ஊதும். ஊதியதும் கேட்டைச் சாத்திவிடுவார்கள். நூம்பலிலிருந்து ஆறு மைல். அதற்காகத்தான், ஏற்கெனவே இரண்டு பேர் ஓட்டி அலுத்துப்போன ஒரு சைக்கிளை வாங்கினான்.

ரோடு என்று ஒன்று இருந்தது. இரண்டு பக்கமும் மாட்டுவண்டிச் சக்கரம் அறுத்த பள்ளம், நடுவில் மேடு. மேட்டில் ஓட்டினால் எதிரே ராணுவ லாரி வரும். பள்ளத்தில் ஓட்டினால் பெடல் மண்ணில் இடிக்கும். சைக்கிள்காரர்களின் சௌகரியத்தை உத்தேசித்து யாரோ புண்ணியவான் ஓரத்தில் கப்பிக்கல் கொட்டியிருந்தான். கொட்டியதோடு அவன் வேலை முடிந்தது. அதைப் பரப்பி அமுக்குகிற வேலையைச் சைக்கிள் டயர்களிடம் விட்டுவிட்டான்.

ஆனாலும் திருவேங்கடத்தை நடக்க வைத்தது ரோடு அல்ல, மரியாதை.

பெரிய மனிதர் வாசலைச் சைக்கிளில் உட்கார்ந்தபடி கடக்கக் கூடாது. பத்தடி முன்னாலேயே இறங்க வேண்டும். தலைத் துண்டு இடுப்புக்கு வர வேண்டும், செருப்பு கைக்கு வர வேண்டும். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய், பத்தடி தாண்டி மறுபடி ஏறலாம். இப்படி இறங்குகிற இடங்கள் ஆவடி வரைக்கும் ஏழு இருந்தன. முதலாவது, நூம்பலிலேயே மிராசுதார் கங்காதரன் வீடு. அடுத்தது வேலப்பன்சாவடியில் முன்சீப் வீடு. பிறகு திருவேற்காட்டில் அம்மன் கோயில், அதை அடுத்துத் தர்மகர்த்தா வீடு. இப்படியே போய், கடைசியாகப் பருத்திப்பட்டில் ஒரு கள்ளுக்கடைக் குத்தகைக்காரர் வரைக்கும். அவருக்கு இறங்கச் சொல்லி யாரும் விதிக்கவில்லை. ஊர் தானாகவே பிரியப்பட்டு இறங்கியது.

மிராசுதார் வீட்டில் மட்டும் வெறுமனே தள்ளிக்கொண்டு போக முடியாது. அவர் வேப்பமரத்தடியில் சாய்வு நாற்காலி போட்டுப் பல் துலக்கிக்கொண்டிருப்பார். வாயில் குச்சியோடு ஒரு கேள்வி கேட்பார். குச்சியை எடுத்துவிட்டு மறுபடி அதையே கேட்பார். அவருடைய ஒரே மகன் ஜெயராமன் பட்டாளத்தில் அஸ்ஸாம் பக்கம் இருந்தான். ஆகவே யுத்தம் எப்படிப் போகிறது என்று, ஆணி அடிக்கிறவனிடம் தினமும் விசாரிப்பார்.

திருவேங்கடம் டிப்போவுக்கு இரண்டு முறை நேரம் தவறினான். சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுக்கும் பாஸ்கல், பூவிருந்தவல்லிக்காரன், அவனை ஏற இறங்கப் பார்த்தான்.

"இன்னா மாமே, சைக்கிள ஓட்டிகினு வர்றியா, இல்ல மேய்ச்சிகினு வர்றியா?"

"வழில ஏழு எடத்துல எறங்கணும்பா."

"அப்ப சைக்கிள ஊட்ல கட்டிட்டு வா. அதுக்காவது கால் வலிக்காது."

இரண்டாம் முறைக்கு மெமோ கொடுத்தார்கள். மூன்றாவது முறை தாமதமானால் பெயரை அடித்துவிடுவார்களாம். மெமோவைக் காலையில் உள்ளே வரும்போதும் சாயங்காலம் வெளியே போகும்போதும் கேட்டில் காட்ட வேண்டும், மடிக்கக் கூடாது, கசக்கக் கூடாது என்று குமாஸ்தா சொன்னார். பையில் வைக்கலாம் என்றால், டிப்போ கொடுத்த காக்கிச் சட்டையில் பையைத் தைத்து மூடியிருந்தார்கள். ஆணி திருடு போகிறதாம்.

அன்று சாயங்காலம் மனைவி வடிவு அந்தச் செம்மண் நிறக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நெலத்த உட்டாச்சு. இந்த வேலையும் பூட்டா, சைக்கிளயா ஆக்கித் திங்கறது?"

"அதுக்கு நான் இன்னா பண்றது? அவுங்க வாசல்ல எறங்காம போவ முடியுமா?"

"போவாத. எறங்கிகினே இரு. ஒரேயடியா ஊட்லயே எறக்கி உட்ருவாங்க."

மறுநாள் காலை, வேறு வழியில்லாமல் மெமோவைப் பல்லில் கடித்துக்கொண்டு கிளம்பினான். மிராசுதார் வீடு வந்தது. வழக்கம்போல ஒரு காலைக் கீழே ஊன்றினான். நாற்காலியிலிருந்து கங்காதரன் நிமிர்ந்து பார்த்தார். காக்கிச் சட்டை, சைக்கிள், வாயில் செம்மண் நிறத்தில் ஒரு காகிதம். பட்டாளத்தில் பிள்ளை உள்ள வீட்டுக்கு அப்படி வருகிற காகிதம் ஒன்றே ஒன்றுதான், சாவுத் தந்தி. வேப்பங்குச்சி கீழே விழுந்தது. அவர் எழுந்தார், உள்ளே போனார், கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

திருவேங்கடம் காலி நாற்காலியைப் பார்த்தான். நாற்காலிக்கு இறங்க வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை. ஊன்றிய காலை எடுத்து மிதித்தான்.

வேலப்பன்சாவடியில் முன்சீப்பும் உள்ளே போய்விட்டார். அவர் வீட்டில் யாரும் பட்டாளத்தில் இல்லை. ஆனாலும் தந்தி என்றால் அம்மை மாதிரி, காற்றில் பரவும் என்று எண்ணியிருக்கலாம். தர்மகர்த்தா இல்லாத ஒரு வேலையாகத் தோட்டத்துப் பக்கம் நடந்தார். அன்றைக்கு அவன் அம்மனுக்கு மட்டும் இறங்கினான். அம்மன் கதவைச் சாத்தவில்லை.

"இன்னா மாமே," என்றான் பாஸ்கல், "நாளைக்கு வர்றதுக்கு இன்னிக்கே வந்துட்டியா?"

எட்டு மாதம் இப்படிப் போயிற்று. காகிதம் பல் பட்டுக் கிழியாமலிருக்க வடிவு அதைச் சோற்றுப் பசை தடவி அட்டையில் ஒட்டிக் கொடுத்தாள். தந்தி தினமும் தன் வீட்டைத் தாண்டிப் போய்விடுவதில் மிராசுதாருக்குத் தினமும் ஒரு புது உயிர். யாருக்கு இத்தனை தந்தி வருகிறது என்று கேட்க ஆசைதான். ஆனால் கேட்டால், நிறுத்த வேண்டியிருக்குமே.

அந்த மாசியில் நிஜமான தந்திச் சேவகன் ஒருவன் சைக்கிளில் வந்து, இறங்கி, கதவைத் தட்டினான். அவன் வருகிறதைப் பார்த்தே உள்ளே தாழ்ப்பாள் விழுந்திருந்தது. தட்டித் தட்டிக் கை வலித்து, 'வீட்டில் ஆள் இல்லை' என்று எழுதிக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் சாயங்காலம் டிப்போ விட்டு வந்த திருவேங்கடம், ஆவடி ஸ்டேஷன் வாசலில் ஒரு டிரங்குப் பெட்டியின் மேல் ஜெயராமன் உட்கார்ந்திருப்பதைக் கண்டான். தாடை ஒட்டிப்போயிருந்தது.

"நூம்பல் திருவேங்கடம்தானே? லீவுல வர்றேன்னு தந்தி குடுத்தேன். வண்டி வரலியே?"

தந்தி என்ற சொல்லைக் கேட்டதும் திருவேங்கடம் சைக்கிளைத் திருப்பினான். பெட்டியைப் பின்னாலேயே வந்த பாஸ்கலிடம் விட்டுவிட்டு, ஜெயராமனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, கேட்டில் காட்டிய மெமோவைப் பழக்கம்போலப் பல்லில் கடித்தபடி மிதித்தான்.

நூம்பல் வந்தது. மிராசுதார் நாற்காலியில் இருந்தார். இறங்கினால் பின்னால் இருக்கிற சின்ன எஜமான் கீழே விழுவார். இறங்காவிட்டால் சின்ன எஜமானைக் கேரியரில் வைத்துப் பெரிய எஜமானுக்கு அவமரியாதை. இரண்டில் எது சின்னக் குற்றம் என்று அவன் யோசித்து முடிப்பதற்குள் கதவு சாத்திக்கொண்டது.

"நைனா! நான்தான், ஜெயராமன்!"

உள்ளே யாரோ அழுகிற சத்தம். தந்தி கொண்டுவந்தவன் மகன் பெயரைத்தான் சொல்கிறான் என்பது மட்டும் அவர்களுக்குக் கேட்டிருந்தது.

"இன்னாத்துக்கு கதவ தொறக்க மாட்றாங்க?" ஜெயராமன் திரும்பினான். "அது இன்னா வாயில?"

எட்டு மாத வேலை பல்லில் இருந்தது. சொன்னால் நாளைக் காலையிலிருந்து ஏழு இடம், மூன்றாவது தாமதம், அடித்த பெயர். உள்ளே ஜெயராமனின் அம்மா மார்பில் அடித்துக்கொள்கிற சத்தம் கேட்டது. திருவேங்கடம் அட்டையை வாயிலிருந்து எடுத்தான்.

"ஐயா! இது தந்தி இல்லீங்க! லேட்டு மெமோ! எனுக்குக் குடுத்தது! எட்டு மாசமா இதேதாங்க!"

ஜெயராமன் அட்டையை வாங்கி, அதிலிருந்த இங்கிலீஷைத் தமிழில் சத்தமாகச் சொன்னான்: பெட்டி அடிக்கும் திருவேங்கடம், இரண்டு முறை தாமதம், மூன்றாவதற்கு வேலையில்லை. தாழ்ப்பாள் விலகியது.

அழுது, கட்டிக்கொண்டு, காபி குடித்து முடித்து, கங்காதரன் வெளியே வந்தார். திருவேங்கடம் துண்டை இடுப்பில் கட்டி, சைக்கிளைப் பிடித்தபடி அங்கேயே நின்றிருந்தான்.

"ஏன்டா, ஒரு லேட்டு சீட்டுக்கா நான் எட்டு மாசம் கதவ சாத்தினேன்?"

"ஐயா கேக்கலீங்க. நானும் சொல்லல."

அவர் மகன் இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பத்து நாள்ல திரும்பிப் போறான். இனிமே காக்கிச் சட்டையோட நீ இந்த வாசல்ல நிக்காத. எறங்கவும் எறங்காத. வெறும் வாயோட, நேரா போய்கினே இரு. நிக்காம போனாத்தான் எனுக்கு மூச்சு வரும்."

இது மறுநாள் பொழுது விடிவதற்குள் வேலப்பன்சாவடிக்குப் போய்விட்டது. முன்சீப் ஆழ்ந்து யோசித்தார். மிராசுதாருக்கே இறங்காதவன் தனக்கு இறங்கினால், மிராசுதாரை விடத் தான் பெரியவர் என்று ஆகிவிடும். அந்த வம்பு அவருக்கு எதற்கு? தர்மகர்த்தாவும் அதே சாஸ்திரத்தைக் கண்டுபிடித்தார். பருத்திப்பட்டுக் கள்ளுக்கடைக்காரர், "அவுங்களுக்கே இல்லியாம், எனுக்கு இன்னாத்துக்கு?" என்று கையை ஆட்டிவிட்டார்.

திருவேங்கடம் அம்மனுக்கு மட்டும் இறங்கி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, மறுபடி ஏறினான். டிப்போ வந்தபோது சங்கு ஊத இன்னும் அரை மணி இருந்தது. கேட் திறக்கவில்லை. சைக்கிளை நிறுத்திவிட்டுப் பாஸ்கல் பக்கத்தில் குந்தினான்.

"வாயி காலியா கீது? எங்க மாமே உன் தந்தி?"

"வேணாம்னுட்டாங்க."

"அப்ப இன்னிக்கு இன்னாத்த காட்டுவ கேட்ல?"

திருவேங்கடம் வெறும் சட்டைப் பையைத் தடவினான். தைத்து மூடியிருந்தது. மெமோ நூம்பலில், ஜெயராமன் கையில். போக ஆறு மைல், வர ஆறு மைல். சைக்கிளை எடுத்து மிதித்தான்.