ஏழுமலை அண்ணனிடம் மிஞ்சிய ஒரே சொல்

ஏழுமலை அண்ணன் மகள் தேவியிடமிருந்து போன் வந்தபோது ஆரணி பஸ் ஸ்டாண்டில் வண்டியை எடுக்கத் தயாராக இருந்தேன். “சித்தப்பா, அப்பா சாப்ட்டுட்டு படுத்தாரு. எழுப்பிப் பாத்தோம், எழுந்திருக்கல” என்றாள். அவள் நர்ஸ். அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை. பின்னாலிருந்து கண்டக்டர் “ரைட்” என்று குரல் கொடுத்தார். என்னால் வண்டியை நகர்த்த முடியவில்லை. மாற்று டிரைவரிடம் ஒப்படைத்துவிட்டு அண்ணன் வீட்டுக்கு நடந்தேன்.

ஆரணியிலிருந்து படவேட்டுக்குப் போகும் வண்டியில் முன்பு அவர் கண்டக்டர், நான் டிரைவர். அந்த வண்டியில் போய் வந்தவர்களுக்கு அவர் வாயைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. புடவைக் கட்டோடு ஏறுகிறவரிடம் முகூர்த்தம் எப்போது என்று கேட்பார். கோவிலுக்குப் போகிற கூட்டத்திடம் பொங்கல் வைக்க வெல்லம் எடுத்து வந்தீர்களா என்று கேட்பார். படிக்கட்டில் தள்ளுமுள்ளு என்றால், “எறங்கறவங்களுக்குத்தாங்க மொதல் மரியாத. அவங்க எறங்குனாத்தான் உங்களுக்கு எடம்” என்பார். கண்டக்டர்களில் அவரைப்போல் பேச்சுக்காகவே ஜனங்கள் காத்திருந்து ஏறிய இன்னொருவரை நான் பார்த்ததில்லை.

டிரைவருக்குக் கண்டக்டரின் முகம் தெரியாது, குரல்தான் தெரியும். அண்ணனின் ‘ரைட்’ ஒன்றல்ல. சுருக்கென்று சொன்னால் வண்டியை எடுக்கலாம். இழுத்துச் சொன்னால் யாரோ தூரத்தில் ஓடி வருகிறார்கள், மெதுவாக எடு என்று பொருள். சில்லறைக்காகச் சண்டை வந்தால் “ரைட்டு வுடு” என்று முடித்து வைப்பார். காலேஜ் பிள்ளைகள் “சீட்டு எங்க ரைட்ஸு” என்று வாதாடினால், “ஒங்க ரைட்ஸு சரி, அந்தப் புள்ளத்தாச்சி அக்கா ரைட்ஸு என்னாத்துக்கு ஆவறது?” என்பார். ஓடுகிற வண்டியின் படியில் யாராவது கால் வைத்தால் அதே சொல் அதட்டலாக வரும். என் கால் தானாகப் பிரேக்குக்குப் போகும்.

அப்படிப்பட்ட மனிதர் ஒரு காலையில் பல் விளக்கப் போன இடத்தில் விழுந்துவிட்டார். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு என்றார்கள். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. வேலூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் அவரிடம் பேர் கேட்டார். “ரைட்” என்றார். எந்த ஊர் என்றார். “ரைட்.” மனைவியைக் காட்டி இவங்க யார் என்றார். அதற்கும் “ரைட்.” கடைசியில், எந்தக் கையைத் தூக்க முடியவில்லை என்று கேட்டார். “ரைட்” என்றார் அண்ணன். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சரியாகவே இருந்தது. மல்லிகா அண்ணி அழுதுகொண்டே சிரித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கஷ்டம் தெரிந்தது. தண்ணீர் வேண்டியிருக்கும். காபியா என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்ல நினைப்பார், வாயில் “ரைட்” என்று வரும். காபி வரும். அவர் கோபத்தில் இன்னும் பலமாக “ரைட் ரைட்” என்பார். இன்னொரு டம்ளர் காபி வரும். ஒருநாள் அந்த டம்ளரை இடது கையால் வீசியெறிந்துவிட்டுக் குலுங்கி அழுதார். பேச்சுப் பயிற்சி கொடுத்த அம்மாதான் எங்களுக்குப் புரியவைத்தார்: “வார்த்தைதான் போயிருக்கு, அவரு யோசன எங்கயும் போகல. ஒரே பக்கமா கேட்டுட்டு முடிவு பண்ணாதீங்க. அந்தப் பக்கத்தயும் கேளுங்க, மொகத்தப் பாருங்க.” அண்ணி அதைப் பிடித்துக்கொண்டார். வீட்டுத் தறியில் நெய்தபடியே “தண்ணியா? காபியா?” என்று தனித்தனியாகக் கேட்பார். தறிச் சத்தத்துக்கு நடுவிலும் எந்த ‘ரைட்’ நிஜம் என்று அண்ணிக்குத் தெரிந்துவிடும்.

தேவிக்கு அப்போது வேலூரில் ஸ்டாஃப் நர்ஸ் வேலை. தெள்ளாரிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் பேர் பிரபு, வேலூரிலேயே வேலை பார்ப்பவன். தாம்பூலத் தட்டு மாற்ற வந்த அன்று அண்ணன் பக்கத்தில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். எல்லாம் பேசி முடித்த பிறகு பையனின் பெரியப்பா ஒன்று சொன்னார்: “கல்யாணத்துக்கப்புறம் பொண்ணு வேலைய வுட்டுட்டு தெள்ளார்ல அத்தைக்கு ஒத்தாசையா இருக்கட்டும். சம்மதந்தானுங்களே?”

“ரைட்!” என்றார் அண்ணன்.

சம்மதம் என்று நினைத்துப் பெண்கள் தட்டை எடுத்துவிட்டார்கள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. படியில் கால் வைத்தவனை அதட்டுகிற ‘ரைட்’ அது.

“கொஞ்சம் இருங்க. அண்ணன் வாணாம்னு சொல்றாரு” என்றேன்.

பெரியப்பா என்னை ஒரு மாதிரி பார்த்தார். “வாயத் தொறந்து ரைட்டுன்னு சொன்னாருங்களே?”

மல்லிகா அண்ணி முன்னால் வந்தார். “அவருக்கு வாயில வர்றது அது ஒண்ணுதாங்க.”

“அப்ப வேணும்னாலும் அதானே சொல்லுவாரு? எதம்மா நம்பறது?”

அவர் கேட்டதில் தப்பில்லை. உள்ளறையில் தேவி நிற்பது திரைக்குக் கீழே தெரிந்த கால்களில் தெரிந்தது. அந்த வேலைக்காக அவள் எத்தனை பாடுபட்டாள் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஒரு சொல்லில் எல்லாம் போய்விடும் போலிருந்தது.

அப்போது பிரபு எழுந்து வந்து அண்ணன் முன்னால் தரையில் உட்கார்ந்தான். “மாமா, நான் கேக்கறன். தேவி வேலைய வுட்டுடட்டும். ரைட்டா?”

அண்ணன் உதட்டை இறுக்கிக்கொண்டார். தாடை நடுங்கியது. சொல் மேலே ஏறி வருவதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. இடது கையைத் தூக்கித் தன் வாயையே பொத்திக்கொண்டார். அவரிடம் இருந்தது ஒரே சொல். அதை அந்தக் கேள்விக்குக் கொடுக்க மறுத்துவிட்டார்.

பிரபு கேள்வியை மாற்றினான். “செரி மாமா. தேவி வேலைக்குப் போயிகினு இருக்கட்டும். இது ரைட்டா?”

கை விலகியது. “ரைட்” என்றார், மெதுவாக. அவர் கண்கள் நிறைந்திருந்தன.

“மாமா தெளிவாத்தான் சொல்றாரு பெரியப்பா. நாங்க வேலூர்லயே வீடு பாத்துக்கறோம்” என்றான் பிரபு. பெரியவர் தட்டைக் கையில் வாங்கினார். பிறகு, “ரைட்டுங்க” என்றார். வேண்டுமென்றே சொன்னாரோ, தானாக வந்ததோ, கூடமே சிரித்தது. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் ஏழுமலை அண்ணன்.

கல்யாணம் முடிந்து ஒரு மழைக்காலத்தில் அண்ணியும் நானும் அவரைப் படவேட்டுக்கு எங்கள் வண்டியிலேயே கூட்டிப்போனோம். முன்சீட்டில், எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வண்டி ஊரைத் தாண்டியதும் அண்ணன் வாயில் ஏதோ முணுமுணுப்பு. பிறகு ராகத்தோடு வந்தது: “சேவூர்... சேவூர் எறங்கு...” அண்ணி என் தோளைப் பிடித்துக்கொண்டார். “கண்ணமங்கலம்... சந்தவாசல்...” வழியெல்லாம் ஊர்ப் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. தண்ணீர் வேண்டும் என்று சொல்ல முடியாதவருக்கு இது முடிந்தது. பழகிப்போனவை சில சமயம் அப்படி வரும் என்று பயிற்சி அம்மா பிற்பாடு சொன்னார். அன்று வண்டியில் இருந்தவர்களுக்கு அந்த விளக்கம் தேவைப்படவில்லை. தெரிந்தவர்கள் கை தட்டினார்கள். அதற்குப் பிறகு, ஊர்ப் பெயர்களைத் தொட்டுத் தொட்டுச் சில சொற்கள் திரும்பின. மனைவியின் பெயர் வந்தது. தேவியின் பெயர் வந்தது. நான் போனால் “டிரைவரே” என்பார். “வேண்டாம்” மட்டும் கடைசிவரை வரவில்லை. வாயைப் பொத்திக்கொள்வதே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

அடக்கம் முடிந்த பிறகு தேவி டூட்டிக்குத் திரும்பிவிட்டாள். அவளுடைய வார்டில் பேச்சு போனவர்கள் வந்தால் அவளைத்தான் கூப்பிடுகிறார்களாம். பிரபு சொன்னான்.

அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தப் பக்கத்தையும் கேட்கும் பழக்கம். போன வாரம் என் மருமகளிடம், பண்டிகைக்கு இங்கேயே இருந்துவிடுகிறாயா அம்மா என்று கேட்டேன். “செரிங்க மாமா” என்றாள். முன்பெல்லாம் அதோடு போய்விடுவேன். கொஞ்சம் நின்று, “உங்க அம்மா வூட்டுக்குப் போவறதுன்னாலும் செரியாம்மா?” என்று கேட்டேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு பையை எடுக்க உள்ளே ஓடினாள்.