விலைக்குக் கேட்ட மாவு

குழந்தையின் காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி விழும். அந்தக் குழி நிரம்பும்வரை அண்ணி மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருப்பாள். ஐம்பதுகளில், மழை பொய்த்த ஒரு வருடம் அது. உத்தனப்பள்ளிப் பக்கம் எங்களுக்கு நிலம் இருந்தது. நிலத்தில் ஒன்றும் இல்லை. பொழுதுக்கும் ராகிக் களிதான், அதுவும் சிறுத்த உருண்டை. அண்ணிக்குப் பாலும் வற்றிவிட்டது. என் அண்ணன் மகள் வீங்கிய முகத்தோடு, சிரிக்காமல், வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருப்பாள்.

அப்போதுதான் ஊர்ச் சாவடியில் சத்துமாவு வந்து இறங்கியது. பால்பொடியும் நிலக்கடலை மாவும் கலந்தது. ஏழைக் குழந்தைகளுக்கு மட்டும், மத்தியானத்தில், அங்கேயே கரைத்துக் குடிக்கவைப்பார்கள். வீட்டுக்கு ஒரு பிடி தரமாட்டார்கள். எங்கள் வயலில் களையெடுத்தவளின் பிள்ளை அதைக் குடித்து வீக்கம் வடிந்து ஓடியாடியதை அண்ணி கண்ணால் கண்டாள். வீட்டு ஆண்கள் முறைத்ததைப் பொருட்படுத்தாமல் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு போய் நின்றாள். நானும் கூடப் போனேன். அதிகாரி குழந்தையை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"பட்டாதாரர் வீட்டுக்கெல்லாம் இது கிடையாதும்மா" என்றார்.

"சும்மா வேணாங்க, வெலைக்குக் குடுங்க" என்றாள் அண்ணி.

அவர் சிரித்தார். "இதைப் போய்க் காசு கொடுத்து யாரும்மா வாங்குவாங்க?"

வாங்க வந்தவள் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தாள்!

அண்ணி விடவில்லை. ஓசூர்ச் சந்தையில் மளிகைக்கடை வைத்திருந்த பாயிடம் கேட்டாள். நல்ல மனுஷர், போன இடத்திலெல்லாம் விசாரித்துப் பார்த்தார். "கடைக்குத் தரமாட்டாங்களாம்மா" என்று கடைசியில் கையை விரித்தார். சாவடியிலோ மூட்டைகள் அடுக்கியபடியே கிடந்தன. கூலிக்குப் போகும் தாய்மார் நடுப்பகலில் வேலையைப் போட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எப்படி வருவார்கள்? அதை ஒருவரும் கேட்கவில்லை. ஜனங்களுக்கு இதில் நாட்டமில்லை என்று மேலிடத்துக்கு எழுதிப்போட்டுவிட்டு அதிகாரி ஜீப் ஏறிப் போனார். இன்றைக்கும் யாராவது மேடையில் நின்று, நம் ஜனங்களுக்குச் சத்துணவின் அருமை தெரியவில்லை என்று ஆரம்பித்தால், நான் எழுந்து வெளியே வந்துவிடுகிறேன்.

தை பிறந்த பிறகு ஒருநாள், சந்தையில் எங்களைப் பார்த்ததும் பாய் ஓடிவந்தார். பூச்சி விழுந்துவிட்டதென்று அந்த மூட்டைகளை மாட்டுத் தீவனமாக ஏலம் போட்டிருந்தார்கள்; எடுத்தவர் அவர்தான்.

"ஒரு மூட்டை மட்டும் கெடாம இருக்குதும்மா. உங்க கொழந்தைக்குன்னு தனியா எடுத்து வெச்சிருக்கேன்."

குழந்தை கார்த்திகையிலேயே போய்விட்டிருந்தது. அவருக்கு அது தெரியாது. நான் வாய் திறப்பதற்குள் அண்ணி குனிந்து மூட்டையைத் தொட்டுப் பார்த்தாள்.

"மாட்டுக்குன்னா விக்கறாங்களா பாய்?" என்று மட்டும் கேட்டாள்.