டாக்டர்கள் கைவிட்ட கதை

சங்கராபுரத்து ராஜாம்பாளுக்கு இரண்டு கண்ணும் தெரியாது. அதற்காக ஊரில் யாரும் உச்சுக் கொட்டுவதில்லை. "சாட்சி சொல்ற ராஜாம்பா" என்றால்தான் அடையாளம் தெரியும். மற்ற நாளெல்லாம் தம்பி வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கடைக்காரருக்குப் புளியில் கொட்டை எடுத்துக் கொடுப்பாள். வெள்ளிக்கிழமை பாஸ்டர் வீரமணியின் வேன் வாசலில் வந்து நிற்கும். எங்கே உபவாசக் கூட்டமோ அங்கே மேடையேறி, கண்ணில்லாதவளை ஆண்டவர் எப்படி நடத்துகிறார் என்று சொல்வாள். கேட்டுக் குடியை விட்டவன் உண்டு. சாகக் கிணற்றுப் பக்கம் போனவள் வீடு திரும்பியதும் உண்டு. அதெல்லாம் பொய்யில்லை. அவளுடைய விசுவாசமும் பொய்யில்லை. விடிகாலையில் முழங்காலில் நின்று பேசும்போது எதிரில் ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

பொய் ஒரே ஒரு வரிதான்.

"பெரிய பெரிய டாக்டருங்களே என்னக் கைவுட்டுட்டாங்க. ஆண்டவர் கைவுடல."

எந்த டாக்டர்? சின்ன வயதில் அம்மை போட்டுக் கண் சீழ் பிடித்தபோது பெற்றவர்கள் மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்துவிட்டால் கரும்பை நிறுத்தி வைக்க முடியாது. "வெட்டு முடியட்டும், போலாம்" என்றார் அப்பா. வெட்டு முடிந்தபோது பார்க்க ஒன்றும் மிச்சமில்லை. ஒரு கம்பவுண்டர்கூட அந்தக் கண்ணைப் பார்த்ததில்லை.

ஞானஸ்நானம் எடுத்து முதன்முதலாக மேடையேறிய அன்று அப்பா முன்வரிசையில் இருந்தார். அவருடைய இருமல் அவளுக்குக் கேட்டது. பெற்றவனை ஊரறியக் காட்டிக்கொடுக்க எந்த மகளுக்கு மனசு வரும்? வாயில் டாக்டர்கள் வந்துவிட்டார்கள். சபையே அதிர அல்லேலூயா எழுந்தது. அப்பா அன்றைக்கு ஒரு வாய் சோறு தின்னவில்லை. அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகியும் அந்த வரி மட்டும் சாகவில்லை. அதை விட்டுவிட்டுச் சொன்னால் கூட்டம் சப்பென்று போய்விடுகிறது. பாஸ்டருக்கும் அது தெரியும், அவளுக்கும் தெரியும்.

மக்காச்சோளம் ஒடிக்கிற சமயத்தில் மலைமேல் வெள்ளிமலைப் பக்கம் ஒரு கூட்டம். சாட்சி சொல்லி இறங்கியவளின் கையை ஒருத்தி பிடித்துக்கொண்டாள். பேர் பூமாலை என்றாள், கூடத் தன் மகள் அபிநயா இருக்கிறாள் என்றாள்.

"சோளத்தோகை கண்ணுல கிழிச்சிடுச்சிக்கா. கருமுழியில வெள்ளையா பூ வுழுந்துகினு வருது. எண்ணெ ஜெபிச்சிக் குடுங்க."

ராஜாம்பாள் பிள்ளையின் முகத்தைத் தடவினாள். இமை வீங்கிச் சுட்டது. விரலில் ஒட்டிய சீழின் வாடை மூக்கில் ஏறியது. தன் கண்ணில் அடித்த அந்த வாடையை அவள் ஜென்மத்துக்கும் மறக்கமாட்டாள்.

"ஆஸ்பத்திரில காட்டுனியா?"

"இல்லக்கா. போவலாம்னுதான் இருந்தேன். போன கூட்டத்துல நீங்க சொன்னீங்களே, பெரிய டாக்டருங்களே கைவுட்டுட்டாங்கன்னு. அப்புறம் எதுக்குப் போவணும்? ஜெபத்துல வுட்டுட்டேன்."

ராஜாம்பாள் பூமாலையின் கையை இறுக்கிப் பிடித்தாள். தன்னுடைய வாயாலேயே ஒரு பிள்ளையின் கண் போய்க்கொண்டிருக்கிறது.

"பூமாலை, நான் எந்த டாக்டரையும் பாத்ததில்ல. எங்கப்பன் கூட்டிக்கினு போவல. அவரு மானத்துக்காகப் பொய் சொன்னேன். இன்னிக்கே கீழ எறங்கு."

பூமாலை சிரித்தாள். "என்னச் சோதிக்கிறீங்க, அப்படித்தானேக்கா? நான் பின்வாங்க மாட்டேன்."

"சோதனை இல்லடி, நெஜமாத்தான் சொல்றேன்."

"இப்படித்தான் சோதனை வரும்னு பாஸ்டர் ஐயா சொல்லியிருக்காரு."

பாஸ்டர் பக்கத்தில் வந்து ராஜாம்பாளின் காதோடு சொன்னார்: "இன்னாம்மா நீங்க, ஜனங்க விசுவாசத்துல இடறிப் போயிடுவாங்க. ஜெபிச்சிட்டு வாங்க, வேன் நிக்குது."

பாழாய்ப்போன பொய் இத்தனை வருஷமாக எல்லார் காதிலும் ஏறியிருக்கிறது. நிஜம் ஒருத்தி காதில் ஏறமாட்டேன் என்கிறது. இனி ஒரே வழிதான். 'கர்த்தர் சொல்கிறார்' என்று தன் பேச்சை அவர் பேச்சாக ஆக்குகிறவர்களைக் கண்டாலே ராஜாம்பாளுக்கு ஆகாது. அவள் ஒருநாளும் அதைச் செய்ததில்லை. இப்போது பிள்ளையின் தலையில் கை வைத்தாள். குரலை மாற்றினாள்.

"மகளே, கர்த்தர் உரைக்கிறார்: தாமதியாதே. சூரியன் அஸ்தமிக்குமுன்னே மலையைவிட்டு இறங்கிப் போ. கள்ளக்குறிச்சியிலே ஒரு வைத்தியனுடைய கையிலே உன் பிள்ளையின் வெளிச்சத்தை வைத்திருக்கிறேன்."

பூமாலை ஓவென்று அழுது ஆமென் போட்டாள். அடுத்த நிமிஷம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாஸ்டர் வேனில் ஏறிவிட்டாள்.

கள்ளக்குறிச்சி டாக்டர் திட்டித் தீர்த்துவிட்டு ராப்பகலாக மணிக்கொரு தரம் மருந்து விட வைத்தார். சின்னத் தழும்போடு கண் தப்பியது. செய்தி வந்தபோது ராஜாம்பாள் புளியைத் தள்ளிவைத்துவிட்டு அழுதாள். ஆனால் மலையிலிருந்து இறங்கிய மறுநாளிலிருந்தே அவளுக்கு விடிகாலை ஜெபம் வரவில்லை. முழங்காலில் நிற்கிறாள், வாயும் அசைகிறது. எதிரில் கேட்டுக்கொண்டிருப்பவர் யாருமில்லை.

கொஞ்ச நாளில் சங்கராபுரத்துச் சபையிலே பூமாலை சாட்சி சொன்னாள். ராஜாம்பாளை முன்வரிசையில், ஒரு காலத்தில் அப்பா உட்கார்ந்த இடத்தில், உட்கார வைத்திருந்தார்கள். பூமாலை தோகை கிழித்ததைச் சொன்னாள், தீர்க்கதரிசனத்தைச் சொன்னாள், ஆஸ்பத்திரிக்குப் போனதைச் சொன்னாள். ஆஸ்பத்திரி என்றதும் கூட்டம் சப்பென்று போய்விட்டது. பூமாலைக்கு என்ன தோன்றிற்றோ.

"பெரிய பெரிய டாக்டருங்களே கைவுட்டுட்டாங்க. ஆண்டவர் கைவுடல."

அல்லேலூயா கூரையைத் தூக்கியது.

"இல்ல, டாக்டருதான் காப்பாத்துனாரு" என்று ராஜாம்பாள் எழுந்து நின்று கத்தினாள். கீபோர்டு ஆரம்பித்துவிட்டது. பக்கத்திலிருந்தவள் அவள் முதுகைத் தடவி, "அழுவாதீங்கக்கா, எல்லாம் உங்க ஜெபந்தான்" என்றாள்.

பின்னால் ஒரு கைக்குழந்தை சிணுங்கியது. அதன் தாய் புருஷனிடம் சொல்வது கேட்டது. "அப்ப நாளைக்கி ஆஸ்பத்திரிக்குப் போவ வேணாங்க. இங்கியே ஜெபம் பண்ணிக்கலாம்."

"யாரும்மா அது? இப்ப பேசுனது யாரு?"

ராஜாம்பாள் கையை நீட்டிக்கொண்டு திரும்பினாள். பாட்டும் கைதட்டலும் நாலாபக்கமும் எழுந்துவிட்டன. குரல் எந்தப் பக்கம் இருந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.