நெட்டி மெயின் ரோட்டில் ஓட்டிய நாள்

நெட்டி ஹோல்கம் என் எதிர்வீட்டுக்காரி. உடம்பு முடியாதவர்களின் வீட்டுக்கே போய்க் குளிப்பாட்டி, சமைத்துப் போடுவது அவள் வேலை. ஏழு வருஷத்துக்கு முன் காரின் பின்விளக்கு உடைந்திருந்ததற்கு அபராதம் போட்டார்கள். கட்ட முடியவில்லை. லைசென்ஸை முடக்கிவிட்டார்கள். காரில் போகாமல் வேலை கிடையாது, வேலை இல்லாமல் அபராதம் எப்படிக் கட்டுவாள்? இந்தச் சட்டத்தை எழுதின புண்ணியவான், பஸ்ஸே வராத எங்கள் ஊரில் ஒரு வாரம் குடியிருந்திருக்க வேண்டும்.

அவள் ஓட்டிக்கொண்டுதான் இருந்தாள், திருட்டுத்தனமாக. போலீஸ் நிற்கும் மெயின் ரோட்டை விட்டு, சர்ச்சுக்குப் பின்னால், குப்பைச் சந்து வழியாக.

பிறகு எங்கள் மிச்சிகன் மாநிலத்தில், அபராதம் கட்டாததற்கு லைசென்ஸை முடக்கும் அந்தத் தண்டனையை எடுத்துவிட்டார்கள். ஆனால் அதற்குள் லைசென்ஸே காலாவதி. மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டுமாம். வேலை கொடுக்கும் ஏஜென்சியோ, வெள்ளிக்குள் லைசென்ஸ் வராவிட்டால் வேலை இல்லை என்றுவிட்டது. வியாழக்கிழமை என் காரில் கூட்டிப்போனேன்.

"பிரேக் போடு மார்ஜ், பிரேக் போடு!" என்று பக்கத்து சீட்டிலிருந்து என்னிடம் கத்தினாள்.

"சும்மா உக்காருடி. லைசென்ஸ் எங்கிட்ட இருக்கா, உங்கிட்ட இருக்கா?"

சோதிக்க வந்தவர் தொப்பி போட்ட பெரியவர். நான் லைசென்ஸ் ஆபீஸுக்குள்ளேயே காத்திருந்தேன். நடந்ததைப் பிறகு அவளே சொன்னாள். அவர் நேராகப் போகச் சொல்ல, இவள் குப்பைச் சந்தில் திருப்பிவிட்டாள்.

"நேரான்னா நேரா போகணும்மா. இது என்ன வழி?"

"கை தானா திரும்பிருச்சு சார்."

"ஒரு தப்பு குறிச்சாச்சு. இன்னொரு தடவ இப்படித் திருப்புனா அவ்வளவுதான்."

மெயின் ரோட்டில் ஏறியதும் பின்னால் போலீஸ் கார். இடப்பக்கம் ஒரு சந்து வாவென்று திறந்து கிடந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நேராகவே போனாள். சிக்னலில் போலீஸ் கார் பக்கத்தில் வந்து நின்றது. போலீஸ்காரன் காபியை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தான், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இவனுக்குப் பயந்தா ஏழு வருஷம் சந்து சந்தா சுத்துனேன்?" என்று திரும்பி வந்ததும் என்னிடம் கத்தினாள். கையில் பாஸான சீட்டு.

நேரே ஏஜென்சிக்குப் போனோம். அங்கிருந்த பெண் சீட்டை வாங்கிக்கொண்டு, "வாழ்த்துகள் நெட்டி, உக்காருங்க" என்றாள்.

"உக்கார்றதெல்லாம் அப்புறம். முதல்ல நகல் எடுத்து என் ஃபைல்ல போடும்மா," என்று ஜெராக்ஸ் மெஷின் பக்கத்திலேயே போய் நின்றாள் நெட்டி.