இரண்டாவது குழாய்

சுண்டுவிரல் நீளத்தில் சீவிய ஒரு பூவரசங்குச்சி. ஒரு முனை கூர். மறுமுனை சுத்தியலால் தட்டியதில் பிசிர் பிசிராகக் கிடந்தது. அக்காவின் புருஷன், அதாவது என் அத்தான், என் மோட்டார் சைக்கிள் இஞ்சினில் இருந்த ஒரு சின்ன வாயை அடைக்க அதைச் செருகியிருந்தார். ஒரு மனிதரைப் பற்றி எழுதுவதென்றால் நல்லதைத்தான் எழுத வேண்டும் என்பார்கள். எனக்கு அத்தானைப் பற்றி எழுத இந்தக் குச்சிதான் இருக்கிறது. அவர் மன்னார்த் தீவில், கீரி என்ற எங்கள் ஊரில் உயிரோடு, கல்லுப்போல இருக்கிறார். வாசித்தால் வாசிக்கட்டும்.

அம்மாவும் அப்பாவும் போன பிறகு நான் அக்கா வீட்டில் இருந்தேன். அத்தானுக்குத் தொழில் போட் இஞ்சின் திருத்துவது. அதில் அவரை வெல்ல ஆளில்லை, அதை மறுத்தால் என் நாக்கு அழுகிவிடும். கடலுக்குள் திக்கித் திக்கி ஓடுகிற இஞ்சினில் என்ன பழுது என்று கரையில் இருந்தபடியே சத்தத்தைக் கேட்டுச் சொல்லுவார். ஆனால் உலகத்தில் உள்ள எல்லா இஞ்சினும் போட் இஞ்சினுக்குப் பிறந்த பிள்ளைகள் என்பது அவருடைய எண்ணம். தண்ணீர் இறைக்கிற இஞ்சின், நெல் குற்றுகிற இஞ்சின், எல்லாவற்றையும் அவர்தான் கழற்ற வேண்டும். வேறு யாரும் கை வைத்தால் அந்த மனிதனோடு ஒரு வருடம் கதைக்கமாட்டார்.

நான் அப்போது நறுவிலிக்குளத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியை. சம்பளம் கிடையாது, ஒரு நாள் நிரந்தர நியமனம் வரும் என்ற நம்பிக்கைதான். அந்த நியமனத்துக்குப் பள்ளிக்கூட அதிபரின் சிபாரிசுக் கடிதம் வேண்டும். கடிதத்துக்கு ஒழுங்கான வரவு வேண்டும். காலை மணி அடித்ததும் அதிபர் வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடு ஒன்று இழுப்பார். கோட்டுக்குக் கீழே கையெழுத்து வைத்தால் பிந்தி வந்தவள். பஸ் அங்கே போய்ச் சேரும்போது மணி அடித்து முடிந்திருக்கும். அதனால்தான் கியர் இல்லாத சின்ன மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பழையதாக எடுத்து ஓடினேன். கடிதங்கள் போகவேண்டிய வெள்ளிக்கிழமைக்கு முந்திய ஞாயிறு, பூசை முடிந்து வந்த கையோடு அத்தான் அதைக் கழற்றினார்.

நான் கேட்கவில்லை. அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்த வண்டி. காபரேட்டரைக் கழற்றிப் பெற்றோலில் கழுவினார், ஊதினார், வெய்யிலில் பிடித்துப் பார்த்தார். திரும்பப் பூட்டும்போது டாங்கியின் அடியில் இரண்டு குழாய்கள் தொங்கின. ஒன்று தடிப்பு, மற்றது மெல்லியது. தடித்ததைக் காபரேட்டரில் கொழுவினார். மெல்லியதைப் பிடித்துப் பார்த்துச் சிரித்தார்.

"நாப்பது குதிரை போட் இஞ்சினுக்கே ஒரு ரியூப் காணும். இந்த ஆட்டுக்குட்டிக்கு ரெண்டோ? இது சும்மா தொங்கிற சாமான், பிள்ளை."

"கழட்டேக்க ரெண்டும் பூட்டித்தானே அத்தான் இருந்தது?" என்றேன்.

"நீ போய்ப் பள்ளிக்கூடத்தில படிப்பி" என்றார். மெல்லிய குழாயை அறுத்து எறிந்துவிட்டு, அது வந்து சேர்ந்த இஞ்சின் வாயில் குச்சியைத் தட்டினார். ஒரே உதையில் ஸ்டார்ட் வந்தது. பக்கத்து வீட்டு ஆட்களைக் கூப்பிட்டுச் சத்தத்தைக் கேட்கச் சொன்னார்.

திங்கட்கிழமை, தீவிலிருந்து பெருநிலத்துக்குப் போகிற தாம்போதியின் நடுவில் வண்டி நின்றது. இரண்டு பக்கமும் தண்ணீர், சோளகக் காற்று சேலையைப் பிடுங்குகிறது, டாங்கி நிறையப் பெற்றோல். உதைத்து உதைத்துக் கால் விட்டுப்போனது. அரை மணித்தியாலம் கழித்து ஒரே உதையில் ஸ்டார்ட் வந்தது, கொஞ்சத் தூரம் ஓடித் திரும்ப நின்றது. சிவப்புக் கோட்டுக்குக் கீழே கையெழுத்து வைத்தேன். பின்னேரம் அத்தான் முற்றத்தில் நின்று உதைத்தார், உடனே பாடியது. "ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்" என்று அக்காவுக்குச் சொன்னார். அக்கா குனிந்தபடியே மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். செவ்வாய்க்கிழமையும் தாம்போதியில் அதே இடத்தில் நின்றது.

அன்று அதிபர் என்னைக் கூப்பிட்டார். கண்டிப்பான மனிசி, ஆனால் நீதியான மனிசி. "ரீச்சர், ரெண்டு தரம் நான் கண்டும் காணாத மாதிரி விடலாம். மூண்டாம் தரமும் கோட்டுக்குக் கீழ வந்தால் என்ரை கை எழுதாது, பாத்துக்கொள்ளுங்கோ."

வீட்டுக்கு வரும் வழியில் மன்னார் டவுனில் ஒரு கராஜுக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். கராஜ் நானா, முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம், குனிந்து பார்த்த உடனேயே சிரித்துவிட்டார். "இது ஆரு செஞ்ச வேல தங்கச்சி? மூக்கப் பொத்திப்போட்டு ஓடச் சொன்னா ஓடுமா?" பிறகு விளக்கிச் சொன்னார். இந்த வண்டிக்கு டாங்கியின் பெற்றோல் வால்வைக் கையால் திருப்புவதில்லை. இஞ்சின் ஓடும்போது அந்த மெல்லிய குழாய் வழியாகக் காற்றை இழுக்கும். அந்த இழுவையில்தான் வால்வு திறந்து, தடித்த குழாயில் பெற்றோல் இறங்கும். மெல்லியது இல்லாவிட்டால் காபரேட்டருக்குள் கிடக்கிற பெற்றோல் முடியும்வரைதான் ஓட்டம். நின்ற பிறகு துளித்துளியாகக் கசிந்து சேரும், அதனால்தான் திரும்ப ஸ்டார்ட் வருகிறது. குச்சியைப் பிடுங்கி, புதுக்குழாய் வெட்டி, எது எங்கே என்று காட்டி, என் கையாலேயே பூட்டவைத்தார்.

புதன்கிழமை தாம்போதியில் வண்டி பறந்தது. கோட்டுக்கு மேலே, முதலாவது கையெழுத்து என்னுடையது. அந்தச் சந்தோசத்தில் வீட்டுக்கு வந்து வாயைக் கொடுத்துவிட்டேன். "அத்தான், அது சும்மா தொங்கிற சாமான் இல்லையாம்" என்று தொடங்கி, நானா சொன்னதெல்லாம் சொன்னேன். மூக்குப் பொத்தின கதையையும் விடவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அத்தான் சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் போனார்.

வியாழக்கிழமை, தாம்போதியில், அதே இடத்தில் வண்டி நின்றது. சீற்றைத் தூக்கிப் பார்த்தேன். புதுக்குழாய் இல்லை. இஞ்சின் வாயில் புதிதாகச் சீவிய குச்சி, இன்னும் பச்சை. புறப்படும் முன் பார்த்திருக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். ஏன் பார்க்க வேண்டும்? சொந்த வீட்டு முற்றத்தில் விட்ட வண்டியை எவள் ஒவ்வொரு நாளும் விடியச் சோதிப்பாள்? நடுப்பாலத்தில் நின்று வாய்விட்டு அழுதேன். வெள்ளிக்கிழமை மூன்று பேருக்குக் கடிதம் போனது. நான் நாலாவது ஆள்.

முதல் தரம் செய்தது அறியாமை. அதை நான் எப்போதோ மறந்திருப்பேன். இரண்டாம் தரம் செய்தது என்னவென்று தெரிந்தே செய்தது. அவரிடம் நேரே கேட்டேன். "தெரிஞ்சுகொண்டும் ஏன் அத்தான் கழட்டினனீங்கள்?" இல்லை என்றுகூட அவர் சொல்லவில்லை. "நான் பூட்டினதை நீ ஏன் மாத்தினனீ?" என்று கேட்டார். அவ்வளவுதான் அவருடைய ஞாயம். நான் அந்தக் கிழமையே நறுவிலிக்குளத்தில் ஒரு அறை எடுத்துக்கொண்டு போனேன். நியமனம் வர மேலும் ஐந்து வருடம் பிடித்தது. அதுவரை ரியூசன் கொடுத்துச் சீவித்தேன். இன்றைக்கு என் வண்டியை யாரும் தொடுவதில்லை; காபரேட்டரைக் கழுவினாலும் இரண்டு குழாய்களையும் நானே கொழுவி, இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கை கழுவுகிறேன்.

போன மாதம் என் பெறாமகள், அக்காவின் மகள், முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்குக் கீரிக்குப் போயிருந்தேன். சாப்பாட்டு நேரம், அத்தான் கதிரையில் சாய்ந்திருந்து வந்திருந்த சொந்தக்காரருக்குப் பகிடி விட்டுக்கொண்டிருந்தார். "உங்கை இருக்கிற ரீச்சர், டாங்கி நிறையப் பெற்றோலோட நடுப்பாலத்தில நிண்டு அழுதவ!" விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத மனிதர். எல்லோரும் சிரித்தார்கள்.

"ஓம்," என்றேன். "ரியூப்பைக் கழட்டினது ஆரெண்டும் சொல்லுங்கோவன்."

"ஆருக்குத் தெரியும்?" என்றார் அத்தான்.

சோற்றுச் சட்டியோடு நின்ற அக்கா வாயைத் திறந்தாள். "நீங்கள்தான். அந்தப் புதன்கிழமை ராத்திரி குசினி யன்னலுக்குள்ளால நான் பாத்துக்கொண்டு நிண்டனான்."

அதை யாராவது சொல்லமாட்டார்களா என்று பதினொரு வருடம் காத்திருந்தவள் நான். அத்தானின் முகம் கறுத்ததைப் பார்க்க வேண்டும்போல இருந்தது, பார்க்கவில்லை. அக்காவைத்தான் பார்த்தேன்.

"அப்ப ஏன் அக்கா எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால், பிறகு நானெல்லோ இந்த வீட்டில இருக்க வேணும்" என்றாள்.

அந்த வியாழக்கிழமை விடியப் புட்டு அவித்துக் கட்டித் தந்து, படலை வரைக்கும் கூடவே வந்து, "இண்டைக்கும் நேரத்துக்குப் போயிடுவாய்" என்று சொல்லி என்னை அனுப்பிவைத்தவள் அவள்.